கண்ணீருக்குத் துணைநிற்கும் மரச்சத்து



வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடியில் உள்ளது அமிர்திக் காடு. அங்குள்ள மூங்கில் எத்தனை மழையில் நனைந்தாலும் கரைவதில்லை. அதன் உடலைத் தாங்கும் செல்லுலோசு நீரில் கரையாத பொருள். அத்தகைய பொருளிலிருந்தே கண்ணுக்கு இடும் துளிமருந்து பிறக்கிறது என்றால் வியப்பன்றோ!

செல்லுலோசு என்பது குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பற்றியுள்ளமையால் நீர் உட்புக இயலவில்லை. மெதைல், ஹைட்ராக்சி புரோப்பைல் ஆகிய தொகுதிகளை அவற்றில் ஆங்காங்கே இணைத்தால் பிடி தளர்கிறது, நீர் நுழைகிறது. மெதைல் தொகுதியோ நீரை விரும்பாதது. அதனைச் சேர்த்தபின் பொருள் நீரில் கரைவதை எந்த மாணவனும் எளிதில் நம்பமாட்டான். இவ்வாறு கிடைப்பதே ஹைப்ரோமெல்லோசு.

இதன் குணம் வெல்லப்பாகிற்கு நேர்மாறானது. பாகு சூட்டில் இளகும். இக்கரைசலோ மிகுந்த சூட்டில் கலங்கிக் கூழாகும், ஆறியதும் தெளிந்து பழைய நிலையை அடையும். ஆதலின் நீராவியால் கிருமி நீக்கினாலும் கெடுவதில்லை.

கண்ணின் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 வரை. மிகுதி கன்னத்தில் வழியும், மூக்கினுள் இறங்கும். வெறும் நீர் நொடியில் ஓடிவிடும். பாகுத்தன்மை உடையது சற்றுத் தங்கி, உலர்ந்த விழிக்கு ஈரம் தரும். ஆனால் அளவு மிஞ்சினால் பார்வை மங்கும். ஆகவே 0.3 விழுக்காடு போன்ற சிறு அளவே துளிமருந்தில் சேர்கிறது. கார்பாக்சி மெதைல் செல்லுலோசு என்னும் உறவுப்பொருளும் உண்டு. அதன் சுருக்கப் பெயரும் சி.எம்.சி.யே; வேலூரார் அச்சொல்லைக் கேட்டதும் மருத்துவமனையைத்தான் நினைப்பர்!

கண்புரை அறுவையில் தேவைப்படுவது 2 விழுக்காட்டுக் கரைசல். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து, 1992-இல் தோன்றிய ஆரோலேப் இதனையும் விழிவில்லைகளையும் தயாரிக்கிறது. நுண்ணிய ஊசியில் அழுத்தும்போது இக்கரைசல் இளகி ஓடும். கண்ணினுள் சென்று அசைவற்றதும் தடித்து நிற்கும். கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக உள்ள உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் பெருகி அவ்விடத்தை நிரப்புவதில்லை. அவற்றின்மேல் கருவி உராயாதவாறு இது மெத்தையாகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் மருத்துவரின் பார்வையையும் மறைப்பதில்லை. பணி முடிந்ததும் அவர் இதனைக் கழுவி நீக்கிவிடுவார். உள்ளே தங்கினால் கண்நீர்மம் வடியும் வழி அடைபட்டு, அன்றே கண்ணழுத்தம் உயரக்கூடும்.