நாற்காலியிலிருந்து எழ எத்தனை நொடி?

எழுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலிக் கையைப் பிடித்து, உந்தி, இரண்டாம் முயற்சியில் எழுந்து நின்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். காலில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆண்கள் பலர் இதைத் தாங்களாகச் சொல்வதும் இல்லை. பேருந்துப் படி ஏற முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம்.

கால் பலம் இப்படிக் குறைவதற்குப் பின்னால் இருக்கும், வயதோடு வரும் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை 1989இல் இர்வின் ரோசன்பெர்க் முன்மொழிந்தார். எடை இயந்திரத்தில் இது தெரியாது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துகொண்டால் எடை அப்படியே நிற்கும். தசையின் அளவைவிட அதன் பலம் வேகமாகக் குறையும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் தெரியவரும்.

அமெரிக்காவில் 2000இல் தொடங்கி, 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 6,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. உடலை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தசையை நேரடியாக அளப்பதில்லை, கொழுப்பும் எலும்பும் போக மீதியைத்தான் காட்டுகிறது என்பதால், அவர்களில் ஒரு பகுதியினரை, தசையில் போய்ச் சேரும் கிரியேட்டின் என்ற பொருளை அடையாளமிட்டு விழுங்கவைத்துச் சிறுநீரைச் சோதித்துத் தசையைக் கணக்கிட்டார்கள். தசை குறைந்தவர்கள் அதிகம் விழுந்ததும் நடமாட்டம் தளர்ந்ததும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

நமக்கு அவ்வளவு வசதி தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் போக வேண்டும். 2019இல் ஆசிய நிபுணர் குழு வகுத்த எல்லை இது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தலைசுற்றல், கடும் முட்டிவலி உள்ளவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளக்கலாம். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே என்றால் எச்சரிக்கை. மருத்துவமனையில் கை இறுக்கும் பலம் பார்த்தால் ஆண்களுக்கு 28 கிலோவாவது இருக்க வேண்டும். சில மாதங்களில் எடையும் சேர்ந்து குறைந்திருந்தால் வயதின் மேல் பழிபோடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாம் பார்க்கப்பட வேண்டும்.

போன பலம் திரும்பும். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுக்காரர்கள் எட்டு வாரம் எடை தூக்கிக் காலுக்குப் பயிற்சி செய்தார்கள். கால் பலம் சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டியது. காலை நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். சாப்பாடும் மாற வேண்டும். பல் போனதும் கறியும் சுண்டலும் தட்டிலிருந்து போய்விடுகின்றன, இரவில் ரசம் சாதம்தான் மிஞ்சுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் வரும். மசித்த பருப்பு, தயிர், குழம்பு மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. விளம்பரத்தைப் பார்த்துத் தசையைக் கூட்ட ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வது யாருக்குமே ஆபத்து.

மருத்துவமனைக்குப் போகச் சட்டத்தின் துணையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் பொருந்தும். அதன் 20ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வைக்கச் சொல்கிறது. மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் முதியோர் மருத்துவ அனுபவம் உள்ள அலுவலரின் தலைமையில் தனி வசதியும் இருக்கச் சொல்கிறது. இது சலுகை அல்ல, தயங்காமல் கேளுங்கள். நடமாட முடியாதவர்களுக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். வழி தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போகும்போது நாற்காலிச் சோதனையில் ஆன நொடிகளைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்; "உடம்பு தளர்ச்சியா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வரத்தான் வாய்ப்பு அதிகம்.