கத்தி ஒன்று, ரகம் எத்தனை?

தொழில் செய்யும் குழுக்கள் எங்கே கூடினாலும் ஒரு பேச்சு வருது: "இன்னும் நாலு ரகம் சேர்த்துப் போட்டா வியாபாரம் கூடுமே அக்கா?" கூடலாம், கூடாமலும் போகலாம். கத்தி செய்கிற ஒரு குடும்பம் இதை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்வோம்.

பிரான்ஸ் நாட்டில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய் என்று ஒரு பகுதி. அங்கே கோடாரி, அரிவாள் அடிக்கும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒபினெல். 1890-ல், 18 வயசில், மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி செய்தார். அது நன்றாகப் போகவே, 1897-ல் அதே கத்தியை 1 முதல் 12 வரை நம்பர் போட்டு 12 அளவில் கொண்டுவந்தார். (நம்ம வீட்டு அருவாமனை ஒன்றுதான்; காய் நறுக்க, மீன் ஆய, தேங்காய் துருவ எல்லாத்துக்கும் அதுவே போதும். அது வேற விஷயம்!)

12 அளவும் நிலைக்கவில்லை. 1-ம் நம்பரின் அலகு வெறும் 2 சென்டிமீட்டர். அதை வைத்துப் பெரிசாக எதையும் வெட்ட முடியாது. 11-ம் நம்பரோ 10-க்கும் 12-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய அதே கத்தி இருக்கும்போது அதை யார் கேட்பார்கள்? 1935-ல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் நம்பர் வரிசையில் 10-க்கு அடுத்து 12 தான். அதிகம் விற்பது 8-ம் நம்பர்.

அப்படியானால் புது ரகமே போடவில்லையா? போட்டார்கள். காளான் பறிப்பவர்களுக்கு மண் தட்டப் பிரஷ் வைத்த கத்தி, சின்னப் பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தி. இதில்தான் விஷயம் இருக்கு. வேற வேலைக்கு, வேற ஆளுக்கு என்றால் அது புது ரகம். நம்பர் மட்டும் மாறினால் அது அலமாரியை அடைக்கும் சரக்கு.

நம்ம மசாலாப்பொடிக் குழுக்களுக்கு இதைக் கணக்காகவே பார்க்கலாம். 12 ரகம், ரகத்துக்கு 50 பாக்கெட், ஒன்றுக்கு அடக்கம் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18,000 ரூபாய் சரக்கில் முடங்குது. 5 ரகம் மட்டும் என்றால் 7,500 தான். மிச்சம் 10,500 ரூபாய் கடன் பணமாக இருந்தால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் மாசம் 105 ரூபாய். பாக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் அதைக் கட்டித்தானே ஆகணும்? கத்தியாவது எண்ணெய் தடவி வைத்தால் கிடக்கும். மிளகாய்த்தூள் கிடக்குமா? வண்டு வந்துவிடும்.

ஆனால் மெதுவாகப் போகிற ரகம் எல்லாமே வேண்டாதது என்று நினைக்க வேண்டாம். பிரசவித்த பெண்களுக்கான மருந்துப்பொடி மாசம் பத்துதான் போகும். அதற்காகவே நம்மைத் தேடி வருகிறவர்கள் மற்றப் பொடிகளையும் வாங்கிப் போவார்கள். சாம்பார் பொடியில் மூணு விதம் இருந்தால்தான் யோசிக்கணும்.

இருப்புப் பதிவேட்டில் ரகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூணு மாசம் பார்த்துவிட்டு, எதை நிறுத்துவது என்று குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அச்சடித்த கவர் மிச்சம் இருந்தால், அது தீரும்வரை அளவாக அரைத்து விற்றுவிட்டு நிறுத்தலாம். அந்தக் கவரில் வேறு பொடியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.