கைடு இல்லாமல் தபாஸ் உலா: லோக்ரோன்யோவில் முதல் கடையிலேயே வயிறு நிரப்பலாமா?

ஸ்பெயினின் ரியோஹா மாகாணத் தலைநகர் லோக்ரோன்யோ. ஒயினுக்குப் பெயர் போன பழைய ஊர். இங்குள்ள லாரெல் தெருவுக்கு கைடே வேண்டாம். குறுகலான தெரு, வரிசையாக பார்கள், அவ்வளவுதான்.

ஆனா, புதுசா போறவங்க செய்யும் தப்பு, முதல் கடையிலேயே உட்கார்ந்து வயிறு நிரப்புவது. ஒயினுடன் கொறிக்கும் சின்னத் தீனிதான் தபாஸ். இங்கே பல பார்கள் ஒரே ஒரு ஐட்டத்துக்குத்தான் ஃபேமஸ். சொரியானோ பாரில் காளான்: பூண்டு மணக்க வாட்டிய மூன்று காளான்களை ரொட்டித் துண்டில் அடுக்கி, உச்சியில் இறால் வைப்பார்கள் (சைவப் பிரியர்கள் உஷார்!). கூடவே ஒரு சின்ன கிளாஸ் ஒயின். நின்றபடியே முடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

'கிரியான்சா' என்று கேட்டால் கிடைக்கும் சிவப்பு ஒயின், குறைந்தது 2 ஆண்டுகள் பக்குவப்பட்டது. அதில் 1 ஆண்டாவது ஓக் பீப்பாயில்.

இரவு 8 மணிக்கு மேல்தான் தெரு களைகட்டும். மாலை 6 மணிக்கே பசியோடு போனால், பல கடைகளில் மூடிய ஷட்டர்தான் வரவேற்கும்.