முழங்காலுக்குச் சொந்த நார்

முழங்காலில் அடிபட்டுப் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றி விசாரித்தால், “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்றே நம்மவர் விடை கூறுவர். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, அங்குள்ள வைத்தியர் ‘லிகமெண்ட்’ என்று சொன்னதை ஊருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கும்போது கைகொடுக்கும் சொல்லும் இதுவே. ஆயினும் இச்சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. ஜவ்வு என்றவுடன் மெல்லிய தோலொன்று நினைவுக்கு வருகிறது. தோல் கிழிந்தால் சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும் அன்றோ? இங்குக் கிழிந்தது தோல் அன்று, கயிறு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்க் கயிறு அது. நோயாளியின் தேகத்திலிருந்தே வேறொரு நாரை எடுத்து அவ்விடத்தில் பொருத்தும் ரண சிகிச்சையைப் பற்றி இங்கு விளக்க முற்படுகிறோம்.

முழங்காலின் உட்புறத்தே இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பெருக்கற்குறிபோல் அமைந்துள்ளன. அவற்றுள் முன்புறச் சிலுவை நார் எனப்படுவதே பெரும்பாலும் அறுவது. இதன் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், பருமன் சுண்டுவிரலளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவு கடந்து முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் பணி. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சட்டெனத் திரும்பும்போது இது அறுந்துவிடுகிறது. கபடி ஆடுகளத்திலும், கால்பந்து மைதானத்திலும், சாயும் மோட்டார் சைக்கிளைக் காலை ஊன்றித் தடுக்க முயலும் வேளையிலும் இவ்விபத்து நேர்கிறது. சில மணி நேரத்துக்குள் மூட்டினுள் இரத்தம் கசிந்து முழங்கால் வீங்கும். சில வாரங்களில் வீக்கம் வடிந்து, நேர்ப்பாதையில் நடக்கவும் முடியும். குணமாகிவிட்டது என்று பலர் கருதிவிடுவது இக்கட்டத்திலேதான். பின்னர் மாடிப்படி இறங்கும்போதோ, கூட்டத்தில் திடீரெனத் திரும்பும்போதோ முழங்கால் தன்வசமின்றி விலகுகிறது. அவ்வாறு விலகும்போது, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் உள்ள பிறைவடிவக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியக்கூடும். நாளடைவில் மூட்டுத் தேய்வுக்கும் அது வழி கோலும்.

முழங்காலின் பக்கவாட்டில் உள்ள நார் கிழிந்தால், பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆற்றிவிடலாம். உள்ளே இருக்கும் நாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மூட்டு நீரின் நடுவே அது இருப்பதால், அறுந்த முனைகளுக்கிடையே இரத்தம் உறைந்து பாலம் அமைக்க இயலாமற் போகிறது. முனைகளைத் தைத்துப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்னும் நிபுணர், 1895-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவை நார்களைத் தைத்தார். ஆனால் பிற்காலத்தில் பலருக்கும் இவ்வாறு தைத்த நார்கள் அடிக்கடி தளர்ந்துவிட்டன. தைப்பதைக் காட்டிலும் புதிய கயிறு கட்டுவதே மேல் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1917-இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், நோயாளியின் தொடைப்பக்கத்து நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு அதன் வழியே செலுத்தி, அறுந்த நாரின் இடத்தில் நிறுத்தினார். இன்று நடைபெறும் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

இடையில், 1970-களிலும் 1980-களிலும், கரிநார், டெக்ரான் முதலிய செயற்கைப் பொருள்களால் கயிறு செய்து பொருத்தும் மோகம் எழுந்தது. தேகத்தின் வேறோர் இடத்தைக் கீற வேண்டியதில்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அக்கயிறுகள் தேய்ந்து அறுந்தன. உதிர்ந்த துகள்கள் மூட்டினுள் அழற்சியை விளைத்தன. செயற்கைக் கயிறு பொருத்திய நாள் முதல் தேயத்தான் செய்யும். உயிர்த்திசுவோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வல்லது. வைத்தியர்கள் மீண்டும் நோயாளியின் சொந்த நாரையே நாடியதற்கு இதுவே காரணம்.

அந்த நாரை எங்கிருந்து எடுப்பது? தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்களே இதற்கு உதவுகின்றன. தொடையின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வந்து சேரும் மெல்லிய நாண்களை எடுத்து மடித்துக் கற்றையாக்குவது ஒரு முறை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள பட்டையான நாணின் நடுப்பகுதியை இருமுனைகளிலும் எலும்புத் துண்டுடன் எடுப்பது மற்றொரு முறை. சில்லுக்கு மேலுள்ள நாணும் உபயோகப்படுகிறது. சில்லுக்குக் கீழிருந்து எடுத்தது எலும்புடன் விரைவில் ஒட்டும். ஆனால் மண்டியிடும்போது வலி நீடிக்கக்கூடும். தரையில் அமர்ந்து உண்பவர், மண்டியிட்டுத் தொழுபவர், குந்தியிருந்து வேலை செய்பவர் ஆகியோர் தம் வழக்கங்களை வைத்தியரிடம் முன்னதாகவே கூறிவிடுவது நல்லது. தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த நாண் பலருக்கு மீண்டும் வளர்ந்துவிடுகிறது. நிபுணர்கள் இதற்குப் பல்லிவாலை உவமை கூறுகின்றனர்!

முழங்கை மூட்டுக்கும் இவ்வகைச் சிகிச்சை உண்டு. 1974-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானின் முழங்கையில் அறுந்த நாருக்குப் பதிலாக, அவரது முன்கையின் ஒரு மெல்லிய நாணை டாக்டர் பிராங்க் ஜோப் பொருத்தினார். 1976-இல் திரும்பிய வீரர் 1989 வரை ஆடினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், அந்நாண் நடுவே புடைத்துத் தோன்றும். சிலருக்குப் பிறவியிலேயே அது இல்லை. அதனால் அவர்களுக்குக் குறையும் இல்லை.

இனி, மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சிறு துளைகளின் வழியே நோக்குக்குழாயைச் செலுத்தி, இரு எலும்புகளிலும் சுரங்கமிட்டு, நாரை இழுத்துத் திருகாலோ சிறு பொத்தானாலோ இறுக்கியவுடன் வைத்தியரின் வேலை முடிந்துவிடுகிறது. நாரின் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடிப் பின்னர் வேர் பிடிப்பதை நாம் அறிவோம். இங்கு நிகழ்வது அதைவிடக் கடுமையானது. இரத்தவோட்டத்தை இழந்த நாரின் உயிரணுக்கள் பெரும்பாலும் மடிகின்றன. எஞ்சுவது வெறும் சாரம். அதன்மேல் புதிய இரத்தக் குழாய்கள் படர்ந்து, புதிய அணுக்கள் குடியேறி, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளை நெய்கின்றன. இவ்வாறு கரைக்கும் காலத்தில் நார் முன்னிலும் நலிவுறுகிறது. ஆறாம் வாரத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலமே மிக நலிந்த காலம் என்பது விலங்குகளில் நடத்திய ஆராய்ச்சிகளால் பெறப்பட்ட கருத்து. மனிதரிடத்து இம்மாறுதல் இன்னும் மெதுவாக நடைபெற்று, ஓராண்டுக்கு மேலும் நீடிக்கிறது.

சோதனை என்னவெனில், நோயாளிக்கு வலி நீங்கி, ஊன்றுகோலை எறிந்துவிட்டு, “இனி வேலைக்குப் போகலாம்” என்று தோன்றுவதும் அந்த மூன்றாம் மாதத்தில்தான். ஊரைவிட்டு வந்து அன்றாடக் கூலியையோ குறைந்த விடுமுறையையோ நம்பியிருப்பவர்க்கு இது வீண் எச்சரிக்கை அன்று. உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். சுமை தூக்குவோரும் ஏணி ஏறுவோரும் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை பொறுக்க நேரும். ஆகவே சிகிச்சையின் தேதியைக் குறிப்பதற்கு முன்பே, மாடிவீட்டில் குடியிருப்பதா, துணைக்கு யார் இருப்பர், பயிற்சிக்கு எங்குச் செல்வது என்பவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வேகமாகத் திரும்பி ஓடும் விளையாட்டுக்கு ஒன்பது மாதமாவது ஆகவேண்டும். ஒன்பது மாதம் வரை தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என 2016-இல் வெளிவந்த ஒரு நார்வே ஆய்வு கண்டது. மாதக்கணக்கு மட்டும் போதாது. தொடைத்தசையின் வலிமை மற்றைக் காலுக்கு நிகராகிவிட்டதா என்றும் அளந்து பார்ப்பர்.

நார் அறுந்தோர் அனைவர்க்கும் இச்சிகிச்சை தேவைதானா என்னும் வினாவும் உண்டு. ஸ்வீடனில் 121 இளம்வயதினரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. அவர்களுள் 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டுமே அளித்து, தேவைப்பட்டால் பின்னர் ரண சிகிச்சை செய்வதென ஏற்பாடு. இரண்டு ஆண்டுகளில் அதை நாடியவர் 23 பேரே. உடனே சிகிச்சை பெற்றவர்களைவிட இந்த 59 பேரின் நிலை மோசமாக இருக்கவில்லை. அன்றாட நடையிலேயே முழங்கால் விலகுவோரும், திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்தையோ கரடுமுரடான இடத்து வேலையையோ விட இயலாதோரும், குருத்தெலும்பும் உடன் கிழிந்தோரும் ரண சிகிச்சையை நாடலாம். ஏனையோர் மூன்று மாத காலம் ஒழுங்காகத் தசைப்பயிற்சி செய்து பார்த்த பின், வைத்தியரைக் கலந்து முடிவு செய்தால் போதுமானது.