கணினி கோல்ஃப் போட்டிக்கு லிங்க்ஸ் திடலைத் தேர்ந்தெடுத்தல்

லிங்க்ஸ் திடல் என்பது கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் அமையும் கோல்ஃப் திடல் ஆகும். கோல்ஃப் திடல்களில் மிகப் பழைய வகை இதுவே. கணினி கோல்ஃப் போட்டிக்கு இவ்வகைத் திடலைத் தேர்ந்தெடுப்போர், திரையில் தெரியும் அழகைவிடக் காற்றையும் தரையின் தன்மையையுமே முதலில் பார்க்க வேண்டும்.

பெயர்க்காரணம்

மேட்டு நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து ‘லிங்க்ஸ்’ பிறந்தது. ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுப் புல்வெளிகள் இப்பெயர் பெற்றன. 1990-இல் அக்சஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட கணினி கோல்ஃப் விளையாட்டின் பெயரும் ‘லிங்க்ஸ்’ என்றே தொடங்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இயல்புகள்

லிங்க்ஸ் திடலில் மரங்கள் மிகக் குறைவு. எனவே காற்றுக்குத் தடையில்லை. மணல் மழைநீரை விரைவில் வடித்துவிடுவதால் தரை இறுகியிருக்கும். விழுந்த பந்து நெடுந்தூரம் உருளும். பங்கர் எனப்படும் மணற்குழிகள் பல ஆழமாகவும் செங்குத்தான சுவருடனும் இருக்கும். உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய ஊர்களின் கோல்ஃப் திடல்கள் மலைத்திடல்கள்; அவை லிங்க்ஸ் வகையைச் சேர்ந்தவை அல்ல.

எடுத்துக்காட்டு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடல் இவ்வகையில் புகழ்பெற்றது. 22 குழிகளாக இருந்த இதன் சுற்று 1764-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் அதுவே உலக வழக்கமாயிற்று. இதன் பார் 72, மணற்குழிகள் 112. இங்குள்ள 7 பெரிய கிரீன்கள் ஒவ்வொன்றும் இரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. அவ்விரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். 2-ஆம் குழியும் 16-ஆம் குழியும் இதற்குச் சான்று. 2023-இல் வெளிவந்த ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் பி.ஜி.ஏ. டூர்’ கணினி விளையாட்டில் இத்திடல் உண்டு.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

1. காற்று: காற்றை நிறுத்திவிட்டால் லிங்க்ஸ் திடல் வெறும் புல்வெளியாகிவிடும்; எல்லாரும் எளிதில் குறைந்த அடிகளில் முடித்துவிடுவர். மிதமான காற்றாவது வேண்டும்.

2. தரை: ஃபேர்வே, கிரீன் இரண்டையும் இறுகியதாக அமைக்க வேண்டும். அப்போதுதான் பந்தைத் தாழ்வாக அடித்து உருட்டும் லிங்க்ஸ் ஆட்டமுறை பயன்படும்.

3. திசை: பழைய திடலில் முதல் 9 குழிகள் பொதுவாக வெளிநோக்கியும் அடுத்த 9 குழிகள் தொடக்க இடம் நோக்கியும் செல்கின்றன. போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது பெரும்பாலும் துணைசெய்யும். பல சுற்றுகள் உள்ள போட்டியில் சுற்றுக்குச் சுற்று காற்றின் திசையை மாற்றினால் திறமை முழுமையாகச் சோதிக்கப்படும்.

நேர்மை

போட்டியாளர்கள் வெவ்வேறு நேரங்களில் ஆடும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஒருவர் இளங்காற்றிலும் மற்றவர் பலத்த காற்றிலும் ஆடினால் அவர்களின் அடிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் காற்றின் வேகம், திசை, தொடக்க இடம், குழியின் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே நிலைப்படுத்தி, அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். அடிகள் சமமானால் கடைசி 9 குழிகளில் குறைந்த அடிகள் எடுத்தவரை வெற்றியாளராகக் கொள்ளலாம். கோல்ஃப் மன்றங்களிலும் இம்முறை உண்டு.

கடலிலிருந்து தொலைவில், காவிரிக்கரையில் உள்ள குமாரபாளையம் போன்ற ஊர்களின் மாணவர்கள் லிங்க்ஸ் ஆட்டத்தைக் கணினியிலேயே பழக முடியும். அமைப்புகள் சரியாக இருந்தால் கடற்காற்றைக் கணக்கிட்டு ஆடும் பயிற்சி அவர்களுக்கும் கிடைக்கும்.