சீவிய மரத்தில் மறுபடியும் பால் ஊறுவது எப்படி?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்று சீவிய பால்மரம் இரண்டு மூன்று நாளில் மறுபடியும் பால் தருகிறது. பட்டைக்குள் சேர்த்து வைத்த பால்தான் வடிகிறது என்றால், மரம் சில வாரங்களில் வற்றியிருக்க வேண்டும். ஆனால் 20 ஆண்டுகளுக்கு மேலும் சுரக்கிறது. பால் ஏந்தும் மங்கில் விழுவது பட்டையிலுள்ள பால்குழாய் உயிரணுவின் சைட்டோபிளாசமே. ரப்பர்த் துகள்களோடு ஆர்.என்.ஏ.யும் புரதம் கட்டும் ரைபோசோம்களும் அதில் வெளியேறுகின்றன. டி.என்.ஏ. உள்ள உட்கருவோ பால்குழாயின் சுவரை ஒட்டித் தங்கிவிடுகிறது. மூலப்பத்திரம் பெட்டியில் இருக்க, நகல் மட்டும் வெளியே போவதுபோல. டி.என்.ஏ.யின் ஓர் இழையை அச்சாகக் கொண்டு, காரங்கள் இணைசேரும் விதிப்படி புதிய ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அதன்படி உருவாகும் நொதிகள் சர்க்கரையிலிருந்து மீண்டும் ரப்பரை ஆக்குகின்றன.

ஒட்டுக்கட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரக ரப்பர் மரங்களுக்கெல்லாம் ஒரே டி.என்.ஏ. என்றால், விளைச்சல் ஏன் வேறுபடுகிறது என்று கேட்கலாம். ஒரே டி.என்.ஏ. ஒட்டுக்கு மேலே மட்டும்தான். விதையில் முளைத்த அடிமரத்தின் வேர் வேறு. மேலும், எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்படும் என்பதை நீரும், வெட்டுக்காயமும், பட்டையில் பூசும் எத்திலீன் மருந்தும் மாற்றுகின்றன. படியெடுக்கவும் நொதி கட்டவும் நேரம் வேண்டும். அளவுமீறிச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகவே சீவலுக்கு இடையே விடும் ஓய்வு வீண்நாள் அல்ல. அதுவும் உற்பத்தி நாளே.