பச்சை முட்டையும் அவித்த முட்டையும்



விருத்தாசலத்தில் வாழ்பவர்க்குச் சூளை புதிதன்று. இங்குள்ள பீங்கான் பட்டறைகளில், அச்சில் வார்த்து உலர்த்திய களிமண் பொம்மையைச் சூளையில் ஏற்றுமுன் ஒரு வாளி நீரில் இட்டால், அது கரைந்து மீண்டும் களியாகிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து வெளிவந்த பின்போ, பல்லாண்டு நீரில் கிடந்தாலும் கரையாது. வெப்பம் பொருளை உறுதியாக்கும் என்னும் பாடத்தை இவ்வூர்ப் பிள்ளைகள் கண்ணாலேயே கற்றுக்கொள்கின்றனர். முட்டையைப் பற்றியும் நாம் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். அவித்த முட்டை இறுகியிருக்கிறது, எனவே எளிதிற் செரிக்காது. பச்சை முட்டை நீர்மமாக இருக்கிறது, எனவே விரைவில் உடலிற் சேரும் என்பது பலருடைய நம்பிக்கை.

நானும் அவ்வாறே நம்பினேன். தலைமையாசிரியராக இருந்த காலத்தில், கபடிப் போட்டிக்குச் செல்லும் மாணவர்களுக்கு விடியற்காலையில் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கச் செய்தேன். முகம் சுளித்தவர்களை அதட்டிக் குடிக்க வைத்ததும் உண்டு.

உண்மையில் நிகழ்வது வேறு. முட்டையிலுள்ள புரதம் நெருக்கமாகச் சுற்றிய நூற்கண்டு போன்றது. வயிற்றிலும் குடலிலும் சுரக்கும் நொதிகள் அந்த நூலைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் அது உடலிற் சேரும். கண்டு இறுக்கமாக இருக்கும்போது நொதிக்கு நூலின் இடை அகப்படுவதில்லை. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏறக் கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வெண்கரு கட்டியாகிறது. நம் கண்ணுக்கு அது இறுகியது. நொதிக்கோ அது திறந்துவிட்டது. களிமண்ணும் முட்டையும் பிரியும் இடம் இதுதான். மேலும், பச்சை வெண்கருவிலுள்ள சில புரதங்கள் நொதிகளின் வேலையையே தடுக்க வல்லவை. வெப்பம் அவற்றையும் அடக்குகிறது.

1998-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு லூவன் நகர ஆய்வாளர்கள் இதனை அளந்து காட்டினர். அறுவை மருத்துவத்தால் சிறுகுடலின் முடிவு உடலுக்கு வெளியே திறந்துவிடப்பட்டிருந்த ஐவருக்கு முட்டை கொடுத்து, செரிக்காமல் வெளிவந்த புரதத்தைக் கணக்கிட்டனர். சமைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரித்தது. பச்சை முட்டையில் 51 பங்கே செரித்தது. ஐந்து பேர் சிறு தொகைதான்; ஆயினும் வேறுபாடு சிறிதன்று. ஒரு முட்டையிலுள்ள ஆறு கிராம் புரதத்தில், என் கபடி வீரர்களுக்கு மூன்று கிராம் அளவே பயன்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பச்சை வெண்கருவில் அவிடின் என்னும் புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாதபடி செய்துவிடும். 1927-இல் மார்கரெட் போவாஸ் என்ற அம்மையார், பச்சை வெண்கருவையே புரத உணவாகப் பெற்ற எலிகளுக்குத் தோல் புண்ணாகி மயிர் உதிர்வதைக் கண்டெழுதினார். எப்போதோ ஒரு பச்சை முட்டை உண்டவர் அஞ்ச வேண்டுவதில்லை; நாள்தோறும் பல முட்டைகளை நெடுங்காலம் பச்சையாக உண்டால்தான் அந்தக் குறை தோன்றும். நோய்க் கிருமியின் செய்தி அப்படியன்று. சால்மொனெல்லா என்னும் கிருமி ஓட்டின் மேலும், சிற்சில வேளைகளில் உள்ளேயும் இருக்கக்கூடும். அதற்கு ஒரே முட்டை போதும்.

சமைப்பதால் இழப்பே இல்லையா என்று நீங்கள் வினவலாம். உண்டு. ஃபோலேட் முதலிய சில வைட்டமின்கள் ஓரளவு குறைகின்றன. அளவுக்கு மீறி அவித்தால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பசுஞ்சாம்பல் நிற வளையம் தோன்றும். மஞ்சட்கருவின் இரும்பும் வெண்கருவின் கந்தகமும் கூடுவதால் வருவது அது, தீங்கற்றது.

நம் மாநிலத்தில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. அது அவித்த முட்டையே. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை என்னும்போது, அதில் பாதிப் புரதம் வீணாவது சிறிய செய்தியன்று.

‘அரைவேக்காடு கூடுமா, ஐயா?’ என்று மாணவர் கேட்பதுண்டு. வெண்கரு கட்டியாகும் அளவு வெந்திருந்தால் புரதத்தைப் பொறுத்தவரை பெரும் இழப்பில்லை. அவிடினும் வெண்கருவில்தான் இருக்கிறது. ஆனால் இளகிய மஞ்சட்கருவில் கிருமி இருந்தால் அது சாகாமல் தங்கலாம். குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் முதியவர்க்கும் முழுதும் வெந்ததையே கொடுத்தல் வேண்டும். அந்த மூன்றாம் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன்.